லாபம், ரெண்டு, மூணு

தாரகையின் பள்ளிக்கூட டைரியில் அன்று காலை சிவப்பு மையில் ஒரு புகார் இருந்தது. 'எண்ணும்போது ஒன்று என்பதற்குப் பதிலாக லாபம் என்கிறாள். வகுப்பே சிரிக்கிறது. வீட்டில் திருத்தவும்.'

நிரஞ்சனாவுக்கும் சிரிப்பு வந்தது. "இது நெல் மண்டிக்காரங்க பழக்கம்ங்க," என்றாள் கணவனிடம். "மரக்காலால அளக்கும்போது ஒண்ணுன்னு ஆரம்பிக்க மாட்டாங்க. முதல் அளவு லாபம்தான். அப்புறம்தான் ரெண்டு, மூணு. நம்ம வீட்டுல யாருக்கு நெல் மண்டி இருக்கு? ரெஜினாக்காகிட்டதான் பிடிச்சிருப்பா."

ரெஜினா மாலையில் சமைக்க வருகிறவள். பிரகதீஷ் தோசைத் திருப்பியோடு திரும்பி மனைவியை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே, "சரி, ரெஜினாக்காவாவே இருக்கட்டும்," என்றான். ஏழு வயதுத் தாரகை தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்தும் தெரியாத மாதிரி தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

வார்த்தைகளைக் காதுகொடுத்துக் கேட்பதுதான் நிரஞ்சனாவின் பிழைப்பு. ஓர் ஆள் நாலு வாக்கியம் பேசினால் போதும், எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் என்று சொல்லிவிடுவாள். உறவுக்காரரை ஒரம்பரை என்றால் கொங்கு. கிறுக்கைக் கோட்டி என்றால் நெல்லை. மதுரைக்காரர் எவ்வளவு பெரிய படிப்புப் படித்தாலும் பதற்றத்தில் ஓர் 'அங்கிட்டு' வந்து விழும். மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறாள் என்று பிரகதீஷ் நம்பியிருந்தான். பெருங்குடியில் இருந்த அந்தக் கட்டடத்தின் பெயர்ப்பலகையும் 'முதியோர் மறதிநோய் ஆய்வு மையம்' என்றுதான் சொல்லிற்று. அது முழுப்பொய்யும் அல்ல, உள்ளே நடந்ததெல்லாம் மறதி சம்பந்தப்பட்ட காரியம்தான்.

"அம்மா போயிட்டு வரேன்டி," என்று மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, மழைக்குக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றுதான் மேலே போகும். கதவு திறந்ததும் எதிரே ஒரு நீளக் கூடம். அதில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் தபால்காரராக இருந்தவர், ஒருவர் பரோட்டா மாஸ்டர், ஒருவர் மருந்துக்கடை வைத்திருந்தவர், ஒருவர் கணக்கு வாத்தியார். இப்போது அவர்கள் யாராகவும் இல்லை. சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவே மறுபடி கற்றுக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்து மூடுகிற அந்த ஐந்து நொடியில் நிரஞ்சனா எப்போதும் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நாலு பேரின் தாள்களிலும் இருந்தது அவளுடைய கையெழுத்து.

விஷயம் இதுதான். பதினொரு வருடங்களுக்கு முன் எல்லைக்கு அப்பால் ஒற்று வேலை பார்த்த ஏழு பேரில் ஆறு பேர் ஒரே வாரத்தில் கொல்லப்பட்டார்கள். உள்ளேயிருந்து யாரோ அவர்கள் பட்டியலை விற்றிருந்தார்கள். ஏழாவது ஆள் மட்டும் உயிரோடு ஊர் திரும்பி, 'விற்றவர் யாரென்று தெரியும், நேரில் சொல்கிறேன்' என்று தலைமையகத்துக்கு ஒரு வரி அனுப்பியதுதான் கடைசி. அதற்குப் பிறகு ஆளைக் காணோம். அதே வாரம் பதிவேட்டு அறையும் எரிந்து போயிற்று.

"பயந்துபோய் ஞாபகத்துக்கு மேல உறை போட்டுக்கிட்டு ஊருக்குள்ள கலந்துட்டான்," என்று குலசேகரன் சார் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். "அவன் யாருன்னு இப்ப அவனுக்கே தெரியாது. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு நாமதான் தேடணும்."

சார்தான் அந்த மையத்தின் தலைவர். அநாதை விடுதியில் வளர்ந்து, வேலை தேடி நின்ற நிரஞ்சனாவைப் பத்து வருடங்களுக்கு முன் கூப்பிட்டு வேலை கொடுத்தவர். அவள் கல்யாணத்தில் அப்பா ஸ்தானத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுத்தவரும் அவரே. கையில் எப்போதும் ஒரு சுக்குமிட்டாய் டப்பா இருக்கும். தாரகை அவரைப் பார்த்தால் முதலில் அந்த டப்பாவைத்தான் பார்ப்பாள்.

அன்று நிரஞ்சனா அறைக்குள் நுழைந்ததும் நர்ஸ் ஸ்டெல்லா கதவைச் சாத்தினாள். உறை போடுவதும் கழற்றுவதும் ஸ்டெல்லாவின் இயந்திரம். நாலு வருடமாக அதைக் கையாள்கிறவள் அவள்தான்.

"மேடம், பழைய பீரோவ நகர்த்துனாங்க. பின்னால இது சிக்கியிருந்துச்சு. சார்கிட்ட இன்னும் காட்டல."

பாதி கருகிய சேர்க்கைச் சீட்டு. மேலே 'எண் 7' என்று இருந்தது. பெயர் எரிந்துவிட்டது. வயது, ஊர் எதுவும் இல்லை. மிச்சமிருந்தது ஒரே வரி. 'தகப்பனார் தொழில்: நெல் அளத்தல்.'

நிரஞ்சனாவுக்கு உடம்பெல்லாம் சுறுசுறுவென்றது. "ஸ்டெல்லா, இது போதும்! நெல் அளக்கிற வீட்டுல பிறந்தவன் எண்ணும்போது ஒண்ணுன்னு ஆரம்பிக்க மாட்டான், லாபம்னுதான் ஆரம்பிப்பான். காலையிலதான் எங்க வீட்டுல இதே பேச்சு. என்ன பொருத்தம் பாரு!"

"உறைக்குள்ள அதெல்லாம் மாறியிருக்காதா மேடம்?"

"பேரு, ஊரு, அம்மா அப்பா எல்லாம் மாறும். வாய்ப்பழக்கம் உறைக்கு அடங்காது. ஆனா ஒண்ணு, அவன் சொல்றது அவன் காதுலயே விழாது. லாபம்னு சொல்லிட்டு ஒண்ணுன்னு சொன்னதாத்தான் நினைச்சுக்குவான். உறை அப்படித்தான் கேக்க வைக்கும்."

இதைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. ஐந்தாவதாக ஒரு தப்பு நடக்காது என்கிற நிம்மதியும் இருந்தது.

அன்றைக்குக் கொண்டுவந்திருந்த ஆள் பெயர் தனபால். முப்பத்தெட்டு வயது, வியாசர்பாடியில் வீடு, லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. பதினொரு வருடங்களுக்கு முன் தலையில் அடிபட்டு ஆறு மாத ஞாபகம் போனவன். சாருக்கு அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

"இன்னா மேடம் டெஸ்டு இது?" என்றான் நாற்காலியில் உட்கார்ந்தவாறே. "ஒயர் மாத்திக்கினு இருந்தேன், வந்து வண்டில ஏத்திக்கினாங்க. எனுக்கு ஒண்ணியும் பிரியல. எம் பொண்டாட்டி கீழ சோத்து டப்பாவ வெச்சிக்கினு குந்திகீது."

அவனிடம் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "ஒரு ஆளோட ஞாபகத்தை உள்ள பூட்டி வச்சிட்டு, மேல வேற ஆளோட ஞாபகத்தைப் போடலாம் தனபால். பிடிபட்டாலும் அடிச்சுக் கேட்டாலும் அவனால எதையும் சொல்ல முடியாது. ஏன்னா அவனுக்கே தெரியாது."

"தலகாணிக்கு உறை போடற மாதிரியா?"

"அதே மாதிரிதான். அதனாலதான் உறைன்னே பேரு."

"சரி, அப்பால கழட்டிடுவீங்களா?"

"கழட்டினா உள்ள இருக்கிறவன் எழுந்திருவான். மேல இருந்தவன் போயிடுவான்."

"எங்க போவான்?"

நிரஞ்சனா மேஜைமேல் இருந்த தாளைத் திருப்பினாள். தனபால் யோசித்தான். லிஃப்ட்காரன் அல்லவா, கோளாறு எங்கே என்று உடனே கை வைத்துவிட்டான். "எனுக்கு உறையே இல்லன்னு வெச்சிக்கோங்க. அப்ப எத்தக் கழட்டுவீங்க?"

மூன்றாவது மாடிக் கூடம் அவள் கண்முன் வந்து போயிற்று. உறை இல்லாதவரிடம் உறையைக் கழற்றப் போனால் உரிந்து வருவது ஆள்தான். "அதுக்குத்தான் முதல்ல டெஸ்ட்," என்று பேச்சை மாற்றினாள். "உங்க சின்ன வயசுல ஒரு வாசனை சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சரி."

"வாசனையா? எங்கப்பா ரயில்பொட்டி ஒர்க்ஷாப்ல இருந்தாரு. அவரு மேல கிரீஸும் பீடியும் சேந்து ஒண்ணு வரும் பாருங்க, மேடம்! அம்மா கிட்ட சேக்காது. நான் மட்டும் போயி ஒட்டிக்குவேன்." சொல்லும்போது அவன் மூக்கு விடைத்தது.

உறையில் காட்சியை எழுதலாம், குரலை எழுதலாம், வாசனையை மட்டும் எழுத முடியாது. அது அவளுக்குத் தெரியும். கணக்கு வாத்தியாரும் இதே நாற்காலியில் உட்கார்ந்து, ஈரச் சாக்குக்கட்டி வாசனையையும் அவருடைய அக்காவின் தலையில் இருந்த தாழம்பூ வாசனையையும் சொன்னார். சாரிடம் அதைச் சொன்னபோது, "கதை விடுறான்மா, வாத்தியார் வேற," என்றார். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அந்த நினைப்பு வந்தாலே நிரஞ்சனாவுக்குச் சோறு இறங்காது.

இன்று அப்படி விட மாட்டாள். "மருந்து ஏறும்போது நீங்க எண்ணணும்," என்றாள்.

"எப்டி, ஸ்பீடாவா?"

"இல்ல, நிதானமா. இப்படி," என்று விரலை மடக்கி மூன்று வரை எண்ணிக் காட்டினாள்.

தனபால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். "இன்னா மேடம், ஒண்ணுக்கு லாபம்ன்றீங்க?"

"நான் ஒண்ணுன்னுதானே சொன்னேன்?"

"லாபம், ரெண்டு, மூணுன்னீங்க. சரி வுடுங்க, நான் ஒண்ணுன்னே சொல்றேன்." மருந்து ஏற ஏற ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஒழுங்காகப் பதினொன்று வரை எண்ணிவிட்டுத் தூங்கிப் போனான்.

"என்னமோ உளர்றான்," என்று நிரஞ்சனா திரும்பினாள். ஸ்டெல்லா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

"உளறல மேடம்."

"என்ன?"

"எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு. ரெக்கார்டிங் போடறேன்."

போட்டாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. நிரஞ்சனாவின் காதில் அவளுடைய குரல் தெளிவாக அப்படித்தான் விழுந்தது. "பாரு, ஒண்ணுன்னுதானே..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். அந்த அறையில் யார் எதைப் பேசினாலும் இயந்திரம் அதைத் திரையில் எழுதிக்கொண்டே போகும். ஸ்டெல்லாவின் விரல் திரையின்மேல் இருந்தது.

லாபம் ரெண்டு மூணு.

மறுபடி போடச் சொன்னாள். காது ஒண்ணு என்றது, கண் லாபம் என்றது. மூன்றாம் முறை போடச் சொல்லவில்லை.

பிரகதீஷ் காலையில் ஏன் அப்படிப் பார்த்தான் என்று இப்போது புரிந்தது. கைபேசியை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். "ஒரு விஷயம் கேக்கறேன், சிரிக்காம சொல்லுங்க. நான் எண்ணும்போது எப்படி எண்ணுவேன்?"

அவன் சிரிக்கத்தான் செய்தான். "லாபம்னுதான். கல்யாணமான புதுசுல இருந்தே. இட்லி எண்ணினாலும் லாபம், படி எண்ணினாலும் லாபம். தாரகைக்குப் படியேறக் கத்துக்கொடுத்ததே நீதானே? பாவம், காலையில ரெஜினாக்கா தலையில கட்டிட்டே. ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. அப்புறம் கூப்பிடறேன்."

நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். அநாதை விடுதியை நினைத்துப் பார்த்தாள். நீல ஜன்னல் வந்தது. மணி அடித்த சத்தம் வந்தது. சமையற்காரம்மாவின் முகம் வந்தது. அந்தச் சமையலறையில் என்ன வாசனை? வரவில்லை. விடுதிப் பாயில் என்ன வாசனை, மழை பெய்தால் அந்த மண்ணில் என்ன வாசனை? எதுவும் வரவில்லை. கல்யாணத்தன்று மல்லிகை வாசனை வந்தது. தாரகை பிறந்தபோது அவள் உச்சந்தலை வாசனை வந்தது. அதற்கு முந்தைய காலமெல்லாம் கண்ணாடி போட்ட படங்கள்தான். எத்தனையோ பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள், தன்னை ஒரு தடவைகூடக் கேட்டுக்கொண்டதில்லை.

"நாலு பேரு, ஸ்டெல்லா," என்றாள். "என்னைத் தேடறதுக்காக நாலு பேரை நானே உரிச்சுப் போட்டிருக்கேன்."

குலசேகரன் சார் பன்னிரண்டரைக்கு வந்தார். ஸ்டெல்லா அதற்குள் திரையை அணைத்திருந்தாள். சார் தூங்குகிற தனபாலைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, அவன்தானே?" என்றார்.

"சார், ஒரு சந்தேகம். ஏழாவது ஆள் ஆணா, பொண்ணா?"

மிட்டாய் டப்பாவைத் திறக்கப் போன விரல் நின்றது. "ஏன் கேக்குறே?"

"பதிவேடு எரிஞ்சு போச்சு. ஆளை யாருமே பார்த்ததில்லன்னு சொல்வீங்க. ஆனா எப்பவும் 'அவன்'னே சொல்றீங்க. அதான்."

"வாய்ப்பழக்கம்மா." ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மெதுவாகச் சப்பினார். பிறகு அவள் தோளில் கை வைத்தார். "நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுடு. இவனோடவே தேடலை முடிச்சுக்கலாம்னு தலைமையகத்துல பேசிட்டேன். இனிமே யாரையும் கொண்டுவர மாட்டோம். நீயும் நிம்மதியா வீட்டுல இருக்கலாம். தாரகை வளர்ற பொண்ணு. அம்மா பக்கத்துல இருக்கணும்ல?"

அன்பாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. இதே குரலில்தான் கல்யாண மேடையில் பிரகதீஷிடம், "எங்க பொண்ணைப் பத்திரமாப் பாத்துக்குங்க மாப்பிள்ளை," என்றார். ஏன் திடீரென்று ஆணா பெண்ணா என்று கேட்கிறாய், எங்கே கிடைத்தது இந்தச் சந்தேகம் என்று அவர் கேட்கவேயில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்காததிலேயே நிரஞ்சனாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏழாவது ஆள் பயந்துபோய்த் தானே உறை போட்டுக்கொள்ளவில்லை, போட்டுவிட்டவர் சார்தான். தேடுகிற இடத்திலேயே அவளைத் தேடவும் வைத்துவிட்டால், யார்தான் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

அவர் போன பிறகு ஸ்டெல்லா அழுதேவிட்டாள். "மேடம், கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுங்க. நான் செத்தாலும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பாப்பாவ நினைச்சுப் பாருங்க."

நிரஞ்சனா நினைத்துப் பார்த்தாள். கையெழுத்துப் போட ஒரு நிமிஷம்கூட ஆகாது. தனபால் மூன்றாவது மாடியில் ஐந்தாவது நாற்காலிக்குப் போவான். அவள் ஆறு மணிக்கு வீட்டில் இருப்பாள், தாரகைக்கு ஒன்று என்று சொல்லிக் கொடுப்பாள். நாளை, நாளன்றைக்கு, அவள் சாகிற வரைக்கும் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. உண்மையைச் சொன்னால் தாரகையின் அம்மா இன்று சாயங்காலத்தோடு சரி. ஆசைப்பட்டாள். அதை மறைத்து என்ன பயன், ரொம்பவே ஆசைப்பட்டாள்.

அறையை விட்டு வெளியே வந்து கீழே இறங்கினாள். வரவேற்பறையில் தனபாலின் மனைவி அமுதா எவர்சில்வர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நனைந்த சேலை இன்னும் காயவில்லை.

"மேடம், அவரு சாப்ட்டாரா?"

"தூங்கறார்மா. எழுந்ததும் சாப்பிடுவார்."

"ஒண்ணு கேக்கட்டா? தலைல அடிபட்டப்ப ஆறு மாசம் என்னைத் தெரியாமப் பூட்ச்சு அவருக்கு. யாரு நீ, யாரு நீன்னு கேட்டுக்கினே இருந்தாரு. புருசன் உசுரோட கீறான்னு எல்லாரும் சந்தோசமா இருந்தாங்க. நான் மட்டும்தான் மேடம் தாலி அறுத்த மாதிரி அழுதேன்." அவள் டப்பாவின் மூடியைத் தடவினாள். "வெளிய வந்தா என்னைத் தெரியும்ல?"

நிரஞ்சனா அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும்," என்றாள். "நான் சொல்றேன், தெரியும்."

அந்த வாக்கைக் கொடுத்த பிறகு அவளுக்கு யோசிக்க எதுவும் மிச்சமில்லை.

மேலே போய் முதலில் தனபாலை எழுப்பினாள். 'உறை இல்லை, அனுப்பலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்ட தாளை அவன் சட்டைப் பையில் வைத்தாள். "வாசல்ல இதைக் காட்டுங்க. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க."

"அவ்ளோதானா? பாஸா நானு?"

"பாஸ்."

அவன் தள்ளாடிக்கொண்டே போனான். நிரஞ்சனா இன்னொரு தாளை எடுத்தாள். 'உறை கழற்றப்பட வேண்டியவர்' என்கிற இடத்தில் அவளுடைய பெயரையே எழுதினாள். 'பரிந்துரைப்பவர்' என்கிற இடத்திலும் அதே பெயர். கழற்றும் நேரத்தில் அந்த அறையின் காட்சி நேராகத் தலைமையகத்துக்குப் போகும் என்பது விதி. தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்தக் குலசேகரனாலும் முடியாது. நாலு முறையும் தலைமையகம் பார்த்தது ஆள் காலியாவதை மட்டும்தான்.

"மேடம், நான் மாட்டேன்," என்றாள் ஸ்டெல்லா. "உங்களைக் கொல்றது அது."

"அந்த நாலு பேருக்கும் வீடு இருந்துச்சு ஸ்டெல்லா. எனக்கு மட்டும் என்ன?" தாளை அவளிடம் நீட்டினாள். "அதோட, உள்ள ஒருத்தி இருக்கா. பதினொரு வருஷமா இருட்டுல கிடக்கா. அவ இடத்துல உட்கார்ந்துதான் நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன், குழந்தை பெத்துக்கிட்டேன். போதும், எழுந்திருக்கட்டும்."

பிரகதீஷைக் கடைசியாக ஒரு முறை கூப்பிட்டாள். சொல்ல நினைத்ததில் எதையும் சொல்ல முடியவில்லை. "அஞ்சு மணிக்குத் தாரகையையும் கூட்டிட்டு இங்க வாங்க. நான் வரலேன்னா ஸ்டெல்லா எல்லாம் சொல்லுவா. டைரில கையெழுத்துப் போட மறந்துட்டேன், நீங்க போட்டுடுங்க. அவ பாட்டுக்கு எண்ணட்டும், திருத்த வேண்டாம்."

"உனக்கு இன்னிக்கு என்னதான் ஆச்சு?"

"வச்சிடறேன்."

போயிட்டு வரேன் என்று வாய்வரை வந்துவிட்டது. அதை மட்டும் விழுங்கிக்கொண்டாள்.

ஸ்டெல்லா ஊசியைப் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எண்ணுங்க மேடம்," என்றாள். நிரஞ்சனா வாயைத் திறந்தாள். பதினொரு வருடத்தில் முதன்முறையாக அவள் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

"லாபம்," என்றாள். "ரெண்டு. மூணு."

*

முதலில் வந்தது வாசனை. அவித்த நெல்லின் வாசனை. களத்தில் ஆவி பறக்க, அப்பா தலைப்பாகையோடு மரக்காலைச் சாய்த்து, "லாபமே" என்று இழுத்துக் கூவுகிற காலை நேரம். சணல் சாக்கு வாசனை. அப்பாவின் வேர்வை வாசனை. அவள் அதையெல்லாம் மூச்சு முட்ட உள்ளிழுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தாள்.

எதிரே சிவப்புப் பொட்டாக ஒரு காமிரா எரிந்தது. பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு நர்ஸ் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா அழுவுற?" என்று கேட்டாள் அவள். பிறகு காமிராவைப் பார்த்தாள். இதே நாற்காலி. நேற்று மத்தியானம் 'ஒண்ணும் ஆகாதும்மா' என்று சொல்லிக்கொண்டே அவர் அவளை அழுத்திப் பிடித்தது இதே நாற்காலியில்தான். இன்னொரு சந்தர்ப்பம் கிடைக்காமல் போய்விடுமோ என்கிற பயத்தில் மூச்சு விடாமல் பேசினாள்.

"எம் பேரு செண்பகம். ஏழாம் எண். எங்க ஏழு பேரோட பட்டியல வித்தது குலசேகரன். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு என்னைப் பிடிச்சு உறை போட்டதும் அவருதான். யாராவது கேட்டுக்கிட்டு இருக்கீங்களா?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கால்மணி நேரத்தில் காவலர்கள் மாடி முழுக்க நிறைந்தார்கள். குலசேகரனைக் கூட்டிப்போகும்போது அவர் செண்பகத்தின் முன்னால் ஒரு கணம் நின்றார். நேற்றுக் கறுப்பாக இருந்த தலை முழுக்க வெளுத்திருந்தது. அப்போதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்து, சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். வருடத்தைப் படித்துவிட்டு மறுபடி படித்தாள்.

"இத்தனை வருசமா நான் எங்கம்மா இருந்தேன்?" என்று நர்ஸைக் கேட்டாள்.

ஸ்டெல்லா அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். "கீழ போலாம் வாங்க," என்றாள். "சொல்றேன்."

லிஃப்டைக் காவலர்கள் பிடித்து வைத்திருந்ததால் இருவரும் படியில் இறங்கினார்கள். கால் இன்னும் தள்ளாடியது. மழை விட்டிருந்தது. படிக்கட்டு ஜன்னலில் சாயங்கால வெயில் விழுந்து கிடந்தது. கீழேயிருந்து யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்டது. சின்னக் கால்கள். ஒவ்வொரு படிக்கும் ஓர் எண்.

"லாபம். ரெண்டு. மூணு. நாலு."

செண்பகத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பதினொரு வருடம் காணாமல் போய்த் திரும்பி வந்தவளுக்கு இந்த ஊரில் தெரிந்த முதல் வார்த்தை அது. படி திரும்புகிற இடத்தில் பள்ளிக்கூடப் பையோடு ஒரு சிறுமி வந்து நின்று, அவளைப் பார்த்ததும் பல் தெரியச் சிரித்தாள். பின்னால் குடையோடு ஓர் ஆள் மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருந்தான்.

செண்பகம் குனிந்தாள். "யாரு பாப்பா நீ? நெல்லு அளக்குறவங்க வீட்டுப் பொண்ணா?"

சிறுமி அதை விளையாட்டு என்று நினைத்துக் கலகலவென்று சிரித்தாள். "இல்லையே!"

"பின்ன, இப்படி எண்ணுறதுக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?"

தாரகையின் சிரிப்பு நின்றது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், ஸ்டெல்லாவைப் பார்த்தாள், மறுபடி அந்த முகத்தைப் பார்த்தாள்.

"எங்கம்மா," என்றாள்.

"கெட்டிக்கார அம்மா," என்று சொல்லி அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, செண்பகம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மீதிப் படிகளில் இறங்கிப் போனாள்.